கிளிவோன் என்கிற ஐந்தாவது ஆள்

என் நான்கு வருடத் துப்பறியும் வாழ்க்கையில் மிக விரைவாக நான் கண்டுபிடித்தது ஒரு தங்கக் கடத்தல் கும்பலைத்தான். ஐந்து பேர். நாற்பதே நிமிடத்தில் ஐந்து பேருடைய பெயரையும் நோட்டில் எழுதிவிட்டேன். அப்படி ஒரு கும்பலே உலகத்தில் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் இரண்டு நாள் ஆனது.

1975 நவம்பர். டொராண்டோ பார்லிமெண்ட் தெருவில், துணி வெளுக்கும் கடை ஒன்றின் மாடியில் 'மோகன் துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை தொங்கும். மோகன் என்பது அடியேன், சேலம் மோகனசுந்தரம். வயது நாற்பத்தொன்று. ஊரில் இருமல் மருந்து விற்றுக்கொண்டிருந்தவன். நிலையத்தின் இன்னொரு உறுப்பினர் காயல்பட்டினம் ஜாபர். வயது முப்பது. தட்டச்சு, தேநீர், என்னைக் கிண்டல் செய்வது ஆகிய மூன்றும் அவன் பொறுப்பு. மூன்றாவதில் மட்டும் அவன் ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு சியாமளா வந்தாள். ஒரு மணி நேரம் அவளை வாசல் பெஞ்சிலேயே உட்காரவைத்தேன். காரணம், ராகு காலம். உள்ளே நான் முக்கியமான போன் பேசிக்கொண்டிருப்பதாக ஜாபர் அவளிடம் சொன்னான். எங்கள் போனை அந்த வாரம்தான் துண்டித்திருந்தார்கள்.

சியாமளா திருச்சிக்காரி. இருபத்தாறு வயது. மருத்துவமனையில் நர்ஸ். அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள் என்பது கண்ணில் தெரிந்தது.

"ஹர்ஜோவைக் காணோம் சார். நாலு நாளாச்சு."

ஹர்ஜோ ஜாவாக்காரன். ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடுகிறவன். இருவருக்கும் ஜனவரியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. பத்து நாளைக்கு முன் அவன் அம்மாவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அன்றிலிருந்து அவன் சரியாகப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனவன் திரும்பவில்லை.

"சண்டை ஏதாவது?"

"தினமும் சண்டைதான் சார். அதனால எல்லாம் போகிறவர் இல்லை."

அன்றைக்கே செயின்ட் ஜேம்ஸ் டவுனில் பதினெட்டாவது மாடியிலிருந்த அவன் அறைக்குப் போனோம். சாவி அவளிடம் இருந்தது. சுவரில் ஒரு காலண்டர். ஒவ்வொரு தேதிக்கும் கீழே பென்சிலில், ஆங்கில எழுத்தில், ஒரு சொல். மொத்தம் ஐந்தே சொற்கள், மாறி மாறி. லெகி. பஹிங். பொன். நாலாவதை நான் 'வேஜ்' என்று படித்தேன், ஆங்கிலத்தில் கூலி. ஐந்தாவது கிளிவோன். நவம்பர் ஏழு, வெள்ளிக்கிழமை, கிளிவோன் என்பதைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தான். மேஜைமேல் ஒரு துண்டுத்தாள்: 12 + 13 = 25. அதன் கீழே ஒரே ஒரு சொல். பெகாட்.

நான் விரலைச் சொடுக்கினேன்.

"ஜாபர், பொன் என்றால் என்ன?"

"தங்கம் சார்."

"வேஜ் என்றால்?"

"கூலி."

"தங்கம் கடத்துகிறார்கள். கூலி கொடுக்கிறார்கள். லெகியும் பஹிங்கும் கூட்டாளிகள். இந்த கிளிவோன்தான் தலைவன். வெள்ளிக்கிழமை அவனுடைய முறை."

ஜாபர் காலண்டரை ஒரு நிமிடம் பார்த்தான். "எங்க தெருவுல பொன்னையான்னு ஒருத்தர் இருந்தாரு சார். அவர்கிட்ட ஒரு குண்டுமணி தங்கம் கெடையாது."

புதன்கிழமை முழுக்க நான் ஹர்ஜோவின் அலுவலகத்தில் மிஸ்டர் வேஜைத் தேடினேன். வரவேற்பில் இருந்த பெண் இரக்கத்தோடு என்னைச் சம்பளப் பிரிவுக்கு அனுப்பினாள். அங்கிருந்தவர் நான் வேலை கேட்டு வந்திருப்பதாக நினைத்து ஒரு விண்ணப்பத் தாளைக் கொடுத்தார். சொன்னால் வெட்கம், அதை நான் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியம் ஜாபர் என் மேஜையில் ஒரு காலி அரிசிப் பையை வைத்தான். ஹர்ஜோவின் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து வந்தது.

"பையில கடை விலாசம் இருக்கு சார். கென்சிங்டன் மார்க்கெட். இந்தோனேசியக் கடை. அங்க போய் கிளிவோன் யாருன்னு கேப்போமா?"

"இதை ஏன் செவ்வாய்க்கிழமையே சொல்லவில்லை?"

"சொன்னேன். நீங்க கும்பலோட பேரை எழுதிக்கிட்டு இருந்தீங்க."

உடனே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் மணி ஒன்றரை. வியாழக்கிழமை ஒன்றரை முதல் மூன்று வரை ராகு காலம். மூன்று மணி ஒரு நிமிடத்துக்குத்தான் படி இறங்கினேன். 

கீழே தில்லையம்பலம் அண்ணை டாக்ஸியோடு நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் நிலையத்தின் வாகனப் பிரிவு என்று நான் வெளியில் சொல்லிக்கொள்வது அவரைத்தான்.

கடை சின்னது. வேர்க்கடலை, காய்ந்த மீன், கிராம்பு எல்லாம் கலந்த வாசனை. கல்லாவில் அறுபது வயதுள்ள ஓர் அம்மாள். பெயர் சுமார்னி. நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம்.

"அம்மா, கிளிவோன் என்கிற ஆளை உங்களுக்குத் தெரியுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

அந்த அம்மாள் என்னையே பார்த்தாள். பிறகு கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிக்க நேரம் பிடித்தது.

"கிளிவோன் ஆள் இல்லை, ஐயா. கிழமை."

நோட்டை நான் மெதுவாக மூடினேன்.

சுமார்னி அம்மாள் விளக்கினாள். ஜாவாவில் ஏழு நாள் வாரம் ஒன்று, ஐந்து நாள் சந்தை வாரம் இன்னொன்று. லெகி, பஹிங், பொன், வகே, கிளிவோன். இரண்டு வாரமும் கூடவே ஓடும். திங்கள் பஹிங், செவ்வாய் பொன், புதன் வகே என்று ஜோடி சேரும். ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண் உண்டு. பிறந்த கிழமையின் எண்ணையும் சந்தை நாளின் எண்ணையும் கூட்டினால் அதுதான் ஒருவனுடைய எண். கல்யாணத்துக்கு இரண்டு பேர் எண்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஹர்ஜோவைத் தேடி வந்திருக்கிறோம் என்று சொல்லி, துண்டுத்தாளில் இருந்த கணக்கையும் சொன்னேன்.

"ஹர்ஜோ புதன் லெகியில் பிறந்தவன். பன்னிரண்டு. அந்தப் பெண் திங்கள் பஹிங். பதின்மூன்று. கூட்டினால் இருபத்தைந்து. எட்டு எட்டாகக் கழித்தால் மீதி ஒன்று. எட்டுப் பெயர்களில் முதல் பெயர் பெகாட்." அவள் இரண்டு கைகளையும் சேர்த்துவைத்து, பிரித்துக் காட்டினாள். "அறுந்துபோகும்."

"இதற்காகவா ஒருவன் ஓடிப்போவான்?" என்றேன்.

"ராகு காலத்துல நம்ம ஆளு கதவையே திறக்க மாட்டாரு," என்று ஜாபர் தமிழில் சொன்னான். நான் அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"அவன் ஓடவில்லை," என்றாள் சுமார்னி. "அவன் அக்காவுக்கும் இருபத்தைந்துதான் வந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை. பதினோராவது மாதம் அவள் புருஷனைக் கடல் கொண்டுபோனது. ஹர்ஜோ பயந்திருக்கிறான், ஐயா. தனக்காக இல்லை, அந்தப் பெண்ணுக்காக. போன வாரம் என்னிடம் வந்து வழி கேட்டான். பழைய வழி ஒன்று இருக்கிறது. வெறும் சோறும் தண்ணீரும் மட்டும் சாப்பிட்டு விரதம். பிறகு வெள்ளி கிளிவோன் இரவில் இரண்டு ஆறு சேருகிற இடத்தில் கழுத்தளவு தண்ணீரில் விடியும்வரை உட்கார வேண்டும். கெட்டது கழுவிப்போகும் என்பார்கள். ஊரிலே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். இங்கே செய்யாதே பிள்ளை என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினான். இந்த ஊரில் ஆறு எங்கே சேருகிறது என்று கேட்டுவிட்டு, அந்த ஆற்றின் கிழக்குக் கரையில் ஒரு நண்பன் வீட்டில் தங்கப்போவதாகச் சொல்லிப் போனான்."

நவம்பர் மாத டொராண்டோவில், விடியும்வரை, ஆற்றில். இனிமேல் இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் என் மூளை வேலை செய்தது. அதாவது, வழக்கம்போல.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. நமக்கு ஒரு நாள் முழுசாக இருக்கிறது. நாளை சாயங்காலம் நாலு மணிக்கே ஆற்றங்கரையில் பதுங்குவோம். அவன் வந்ததும் பிடிப்போம். வா, டீ குடிக்கலாம்."

ஜாபர் நகரவில்லை. கடைக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். சுமார்னி அம்மாள் நாலேகாலுக்கே பாதிக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரில் பூவிதழ்களைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஊதுபத்தி.

"விசேஷம் நாளைக்குத்தானே சார்? இன்னைக்கு ஏன் பூப் போடுறாங்க?"

"முன்னேற்பாடு."

"நாளைக்குள்ள வாடிடுமே." அவன் முகம் மாறியது. "சார், எங்க வீட்ல வியாழக்கிழமை சாயங்காலம் பொழுது அடைஞ்சு மஹ்ரிபு பாங்கு சொன்னதும் உம்மா ஊதுபத்தி கொளுத்திட்டு, 'வெள்ளி ராவு வந்துட்டு'ன்னு சொல்லுவாங்க. எங்களுக்கு வெள்ளி ராவுன்னா வியாழக்கிழமை ராத்திரி. ராத்திரிதான் மொதல்ல வரும், பகல் அப்புறம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கடைக் கதவைத் தட்டினான்.

"ஆமாம்," என்றாள் சுமார்னி, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. "இன்று சூரியன் இறங்கினால் வெள்ளி கிளிவோன்."

"சூரியன் எப்போது இறங்கும்?" என்று நான் கத்தினேன்.

"ஐஞ்சு மணிக்கு," என்றார் தில்லையம்பலம் அண்ணை, கார் ஜன்னலில் இருந்து. "ரெண்டு ஆறு சேருற இடமோ? தோர்ன்கிளிஃபுக்குக் கீழை, பள்ளத்துக்கை. டான் ஆத்தின்ரை ரெண்டு கிளையும் அங்கைதான் சேருது. ஏறுங்கோ!"

தெருமுனை போன் பெட்டியிலிருந்து ஜாபர் சியாமளாவைக் கூப்பிட்டான். தோர்ன்கிளிஃபில்தான் அவள் வீடு. அன்று அவளுக்கு விடுமுறை. "போர்வை, சுடுதண்ணி ஃபிளாஸ்க், எல்லாம் எடுத்துக்கிட்டு ஆத்துக்கு எறங்கி வாங்க," என்று மட்டும் சொன்னான்.

அலுவலகம் விடுகிற நேரம். பேவியூ சாலையில் கார்கள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. இடது பக்கம் வானம் சிவந்து கறுத்தது. ராகு காலத்துக்கு நான் கொடுத்த ஒன்றரை மணி நேரத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே வந்தேன். யாரும் கொடுக்கவில்லை.

ஐந்து பத்துக்குப் பள்ளத்தில் இறங்கி ஓடினோம். இரண்டு ஓடைகள் ஒன்றாகிற இடத்தில், கரையில் மடித்துவைத்த கோட்டு, அதன்மேல் மூக்குக்கண்ணாடி. தண்ணீரில் நெஞ்சளவு மூழ்கி ஒருவன் உட்கார்ந்திருந்தான். கண் மூடியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஹர்ஜோ!" என்று கத்தினேன். அவன் அசையவில்லை.

நான் வீரன் இல்லை. ஆனால் சூரியன் இறங்கிப் பத்து நிமிடம் ஆகிவிட்டது, அந்தப் பத்து நிமிடமும் என் கணக்கில் எழுத வேண்டியது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆற்றில் இறங்கிவிட்டேன். நான்காவது அடியில் பாசிக்கல் வழுக்கியது. முழுசாக உள்ளே போனேன். குளிர் என்று அதைச் சொல்ல முடியாது, அறை வாங்கியதுபோல இருந்தது. கையில் அகப்பட்டதைக் கட்டிக்கொண்டேன். அது ஹர்ஜோவின் இடுப்பு.

அவன் கண்ணைத் திறந்தான். "நீங்கள்... யார்?"

"துப்பறியும் நிபுணர்," என்றேன், வாயில் பாதி டான் ஆற்றோடு. "காப்பாற்ற வந்திருக்கிறேன். ஐயோ! எனக்கு நீச்சல் தெரியாது!"

"எந்திரிச்சு நில்லுங்க சார்!" என்று கரையிலிருந்து ஜாபர் கத்தினான். "இடுப்பளவு தண்ணி!"

நின்றேன். இடுப்பளவுதான். ஆனால் ஹர்ஜோவால் நிற்க முடியவில்லை. எழ முயன்றான், கால் மடங்கியது. விரல்கள் விரியவில்லை. விடியும்வரை இல்லை, இன்னும் அரைமணி நேரம்கூட அவன் தாங்கியிருக்க மாட்டான். அந்த நிமிடம் எனக்குக் குளிரே தெரியவில்லை, பயம்தான் தெரிந்தது.

தில்லையம்பலம் அண்ணை காரை இழுக்கிற கயிற்றைக் கொண்டுவந்து வீசினார். அதை அவன் கையிடுக்கில் கட்டினேன். நான் தள்ள, அவர்கள் இரண்டு பேரும் இழுத்தார்கள். கரையேறும்போது எதிர்ச்சரிவில் சியாமளா ஓடிவந்தாள், இரண்டு கையிலும் போர்வைகள்.  ஈரச் சட்டையைக் கழற்றி, போர்வையில் சுற்றி, அவன் தலையைத் தன் தோளில் சாய்த்து டாக்ஸிக்குக் கொண்டுபோனாள். நர்ஸ் வேலை முடிந்து, ஹீட்டர் காற்றில் அவன் பற்கள் கிடுகிடுக்க ஆரம்பித்த பிறகுதான் வாயைத் திறந்தாள். திறந்தது மூடவில்லை.

"ஒரு நம்பருக்காக? ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்ல முடியல, ஆத்துல போய் உக்காரத் தெரியுது! உங்க அம்மா லெட்டர் போட்டா நான் பதில் போட மாட்டேனா?" பாதி ஆங்கிலம், பாதி தமிழ். அவனுக்குப் புரியாத பாதியில்தான் கடுமையான வார்த்தைகள் இருந்தன.

"உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று..." என்றான் ஹர்ஜோ. "அக்காவுக்கு நடந்ததைப் பார்த்தேன். எண்ணை மாற்ற முடியுமா என்று பார்த்தேன். உன்னை மாற்ற அல்ல."

சியாமளா அவன் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். திட்டு மட்டும் நின்றது. கண் நிறைந்தது.

முன் சீட்டில் நான் இன்னொரு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். உடம்பு நடுங்கும்போது மூளைக்குத் தன் வழக்கமான வேலைகளைச் செய்ய முடிவதில்லை போலிருக்கிறது. ஏனென்றால், வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு சரியான கேள்வி தோன்றியது.

"சியாமளா, நீங்க எப்ப பொறந்தீங்க?"

"நாற்பத்தொன்பது, ஆகஸ்ட் இருபத்திரண்டு, திங்கட்கிழமை."

"தேதி கேக்கல. நேரம்."

"ராத்திரி எட்டேகால். ஜாதகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. ஏன் சார்?"

ஜாபர் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

"ஹர்ஜோ," என்றேன் ஆங்கிலத்தில், "உங்கள் அம்மாவுக்கு நீங்கள் தேதி மட்டும்தானே எழுதினீர்கள்? இவள் பிறந்தது இரவு எட்டேகால். எங்கள் பஞ்சாங்கத்துக்கு அது திங்கட்கிழமை. வெள்ளைக்காரனுக்கும் திங்கட்கிழமை. உங்களுக்கு?"

ஹர்ஜோ நிமிர்ந்து உட்கார்ந்தான். "சூரியன் இறங்கியாகிவிட்டது," என்றான் மெதுவாக. "செவ்வாய். செவ்வாய் பொன்."

"அப்படியென்றால் கணக்குத் தப்பு!"

"ஆத்துத் தண்ணி மூளைக்குள்ள போயிருக்கு," என்றான் ஜாபர். "வாராவாரம் தள்ளிவிடலாம் போலருக்கே."

ஹர்ஜோ நடுங்குகிற விரலால், ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியில் எழுதினான். செவ்வாய்க்கு மூன்று, பொன்னுக்கு ஏழு. பத்து. அவனுடைய பன்னிரண்டு. இருபத்திரண்டு. பிறகு எட்டு எட்டாகக் கழித்து, மீதி ஆறை விரல்விட்டு எண்ணினான். "பெகாட், ராத்து, ஜோதோ, தோப்போ, தினாரி..." ஆறாவது விரலில் நின்றான். நாங்கள் நான்கு பேரும் மூச்சைப் பிடித்திருந்தோம்.

"என்ன?" என்றாள் சியாமளா.

"பாடு."

"பாட்டா? அப்படின்னா?"

அவன் தயங்கினான். "சண்டை. தினமும் சண்டை. ஒன்றும் இல்லாததற்குக்கூட. ஆனால் கடைசிவரை பிரிவு இல்லை."



"உது எண்டால் எனக்கும் மனுசிக்கும் இருபத்தெட்டு வருசமா அந்த நம்பர்தான், தம்பி," என்றார் தில்லையம்பலம் அண்ணை, கியரை மாற்றிக்கொண்டே.

ஜாபர் வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரித்து, தும்மினேன். சியாமளா மட்டும் சிரிக்கவில்லை. ஹர்ஜோவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"திரும்பவும் இருபத்தைந்தே வந்திருந்தா?"

அவன் யோசிக்கவில்லை. "அடுத்த வெள்ளி கிளிவோனுக்கு மறுபடி ஆற்றில் இருந்திருப்பேன்."

"டிசம்பர்லயா?"

"டிசம்பரில்."

"ஆறு உறைஞ்சு கிடக்கும், முட்டாள்!"

"உடைத்துக்கொண்டு இறங்குவேன்."

"இறங்குவீங்க, இறங்குவீங்க! யார் வந்து தூக்குறது? திரும்ப இந்த சாரா?" அவள் குரல் ஏறியது. போர்வையை அவன் கழுத்துவரை இழுத்து இறுக்கிச் செருகினாள். அவன் ஏதோ பதில் சொன்னான். அவளும் சொன்னாள். அவள் வீட்டு வாசலில் கார் நின்று ஐந்து நிமிடம் ஆகியும் இரண்டு பேரும் இறங்கவில்லை. சண்டை முடியட்டும் என்று நாங்கள் காத்திருந்தோம்.